ஒளியின் இயல்பு
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சென்ற மாரிக்காலத்தில், தெருவில் தேங்கிய நீர்மேல் எண்ணெய் படர்ந்து பல வர்ணங் காட்டியதைக் கண்டு, எம் இளைய மகன் காரணம் வினவினான். விடையறியாத யாம் அவனை அதட்டி அடக்கினோம். அப்பிழையே இவ்வுபந்நியாசத்திற்குக் காரணம்.

ஒளி என்பது யாது? ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் என்பார், குளத்தில் கல்லெறிந்தால் அலை பரவுவதுபோல ஒளியும் அலையாய்ப் பரவுகின்றது என்று 1690-இல் எழுதினார். இங்கிலாந்தின் நியூட்டனோ, நுண்ணிய துகள்களின் ஓட்டமே ஒளி எனக் கருதினார். அவருடைய ஒளிநூல் 1704-இல் வெளிவந்தது. அலையாயின் தடையைச் சுற்றி வளையவேண்டுமன்றோ? நிழல் கூரிய விளிம்புடன் விழுவானேன்? இஃது அவர் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபமே. ஆயினும் பின்வந்தோர் பலர் நியாயத்தைவிடப் பெயரையே பெரிதாய்க் கொண்டனர். ஒளியோடு ஒளி கூடினால் சிலவிடத்து இருளுந் தோன்றும் என 1801-இல் எடுத்துரைத்த தாமஸ் யங் என்னும் வைத்தியருக்குத் தம் நாட்டில் ஏளனமே கிடைத்தது.

நிற்க. பாரிஸ் விஞ்ஞான சபையார் ஒளி விளிம்போரத்தில் வளைவதைப்பற்றிப் பரிசுப் போட்டியொன்று வைத்தனர். சாலை இஞ்சினீயரான பிரெனெல், 1818-இல் அலைக்கொள்கையைக் கணிதத்தால் விளக்கி ஒரு கட்டுரை விடுத்தார். நடுவருள் ஒருவரான புவாசோன் துகட்கொள்கையினர். கணிதத்தில் மகா சமர்த்தர். அவர் பிரெனெலின் கணக்கையே மேலும் நடத்தி, இது மெய்யாயின் வட்டத்தகட்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தோன்றவேண்டுமே என மறுத்தார். நிழல் நடுவில் வெளிச்சமா! எவரும் நகைக்கத்தக்கதன்றோ? மற்றொரு நடுவரான அராகோ நகைத்து விடாமல் பரீட்சித்தார். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலமுள்ள தகட்டை ஒளியின் வழியில் வைத்து நோக்க, நிழலின் நட்டநடுவே ஒளிப்புள்ளி விளங்கிற்று!

வட்டத்தின் விளிம்பு முழுதும் நடுவினின்று சமதூரத்தில் இருத்தலால், அங்கு வளைந்த அலைகள் யாவும் நடுவில் ஏற்றத்தோடு ஏற்றமாய்க் கூடுகின்றன. ஒளியலையின் நீளம் மில்லிமீட்டரில் சுமார் 2,000-இல் ஒரு பங்கே. ஆதலின் இவ்வளைவு நம் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. மறுக்க எழுந்த கணக்கே சாட்சியாக, 1819-இல் பரிசு பிரெனெலுக்குக் கிடைத்தது.

அலைக்கொள்கையும் முடிந்த முடிபாகவில்லை. சில உலோகங்களினின்று, எத்துணை மிகுந்த சிவப்பொளியும் வெளிப்படுத்தாத எலெக்ட்ரான்களை மங்கலான ஊதாவொளி வெளிப்படுத்துகின்றது. ஒளி சக்தித் துணுக்குகளாகச் செயற்படுவதே காரணம் என 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அலையியல்பும் துகளியல்பும் ஒருங்கே உடையது ஒளி என்பதே இக்காலக் கொள்கை. ஆயினும் இத்துணுக்குகள் நியூட்டன் எண்ணிய துகள்கள் அல்ல.

எம் மகனுக்குரிய விடை யாது? எண்ணெய்ப் படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டு மீளும் அலைகள், படலத்தின் கனத்திற்கேற்பச் சில வர்ணங்களை மிகுத்தும் சிலவற்றை அவித்தும் காட்டுகின்றன. யங் கூறிய நியாயமே அது. அதனை அவனுக்குச் சொன்னோம். அதட்டியது எம் பிழை என்பதையும் சொன்னோம்.

அன்பர்களே! பெரியோரைப் போற்றுவோம், ஆனால் பெயர் பரீட்சைக்கு ஈடாகாது. எதிர்வாதம் செய்த புவாசோனும் உண்மைக்கே உதவினார். நம் இல்லங்களில் வினவும் சிறார் வாயை அடைக்காதிருப்போமாக.