ஒற்றை டயரா, ஜோடியா? ஒரு தேய்மானக் கணக்கு
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நம் உறுப்பினர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "சார், ஒரு டயர்தான் போச்சு. கடையில ரெண்டா மாத்துங்கன்னு சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?" என்று கேட்டார். நான் மெக்கானிக் இல்லை. வங்கியில் லெட்ஜர் பார்த்தவன். ஆனால் அதே கேள்வியோடு நானும் ஒரு மாதத்துக்கு முன்னால் டயர் கடையில் நின்றவன் என்பதால் இங்கே பேச ஒப்புக்கொண்டேன்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். செங்கம் சாலையில் எதிரே வந்த பேருந்துக்கு வழி விட ஒதுங்கினேன். இடது முன் சக்கரம் ஒரு கல்லின் விளிம்பில் ஏறி இறங்கியது. தவறு என்னுடையதுதான். மறுநாள் காலை பார்த்தால் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். அப்படி வீங்கினால் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். காற்றைத் தாங்கிப் பிடிப்பது வெறும் ரப்பர் மட்டும்தான். ஆணி ஏறியது மேல்புறமாக இருந்தால் பஞ்சர் ஒட்டலாம். பக்கவாட்டில் அடிபட்டால் ஒட்டு வேலையே கிடையாது, மாற்றித்தான் ஆகவேண்டும்.

முதல் கடையில் "நாலையும் மாத்திடுங்க சார்" என்றார்கள். இரண்டாவது கடையில் "ரெண்டு". என் மாப்பிள்ளை போனில், "ஒண்ணு போதும் மாமா, எதுக்கு வீண் செலவு?" என்றார். மூன்று பேரும் ஒரு விஷயத்தைச் செய்யவில்லை. அடிபடாத மற்ற டயர்களை யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளப்பது சுலபம். டயரின் மேல்புற வரிகளுக்கு இடையே உள்ள பள்ளம் புதிதில் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் சட்டப்படி அதன் ஆயுள் முடிந்தது. பள்ளத்துக்குள் சின்ன மேடு போல ஓர் அடையாளம் இருக்கும், ரப்பர் தேய்ந்து அதற்குச் சமமானால் அதுதான் எல்லை. ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது 6.4 மில்லிமீட்டர் ரப்பர்.

இங்கேதான் என் பி.காம். படிப்பு கைகொடுத்தது. எனக்குச் சொன்ன விலை டயர் ஒன்றுக்கு 5,400 ரூபாய். 6.4ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டர் சுமார் 844 ரூபாய். அடிபட்ட டயரின் ஜோடி, அதாவது வலது முன் டயர், 3.2 மில்லிமீட்டர் காட்டியது. அதில் பயன்படுத்த மீதி இருப்பது 1.6 மட்டும். மதிப்பு 1,350 ரூபாய். "நல்ல டயரைத் தூக்கிப்போட்டு 5,400 நஷ்டப்படுகிறேனே" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை நஷ்டம் 1,350தான். மீதியை நான் ஏற்கெனவே ஓட்டித் தீர்த்துவிட்டேன். கணக்குப் பாடத்திலும் தேய்மானம், டயரிலும் தேய்மானம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

அதே டயர் 6.2 மில்லிமீட்டர் இருந்திருந்தால்? மீதி மதிப்பு சுமார் 3,880 ரூபாய். அப்போது அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவில் ஒன்று மட்டும் வாங்கிப் போட்டிருப்பேன். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் எனக்கு ஒற்றை போதும். மூன்றைத் தாண்டினால் ஜோடிதான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் நிறுவனத்தின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும்.

வித்தியாசம் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். என் வண்டியின் டயர் 165/80 ஆர் 14. புதிதும் 3.2 மில்லிமீட்டர் டயரும் ஒரே அச்சில் இருந்தால், ஒரு சுற்றுக்கு 30 மில்லிமீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்கு எட்டுச் சுற்று. திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதற்காக வைத்த டிஃபரன்ஷியல், நேர் சாலையிலும் சென்னை வரை ஓயாமல் வேலை செய்யும். ஈரத்தில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று, புது ஜோடியை எங்கே போடுவது என்பது. நம்மில் பெரும்பாலோர் முன்னால் போடுவோம். ஸ்டியரிங்கும் இன்ஜினும் அங்கேதானே என்ற எண்ணம். நானும் அப்படித்தான் போட்டேன், 2015இல். அந்த நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். செஞ்சி சாலையில் ஒரு வளைவில் தேங்கிய தண்ணீரில் முன் சக்கரங்கள் நன்றாகப் பிடித்தன, தேய்ந்த பின் சக்கரங்கள் பிடிக்கவில்லை. வண்டியின் பின்பகுதி அப்படியே வீசித் திரும்பி, ஒரு புளியமரத்துக்கு நான்கடி முன்னால் நின்றது. எதிரே வண்டி வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். என் மனைவி அன்று முதல் மழை நாளில் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை விடுவதே இல்லை.

முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாவது கையில் தெரியும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்குவது நமக்குத் தெரியும்போது வண்டி பாதி திரும்பியிருக்கும். அதனால்தான் டயர் நிறுவனங்களே புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்கின்றன. முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கும் இதுதான்.

ஆகவே இந்த முறை இரண்டு வாங்கினேன், பின்னால் போட்டேன். பின்னால் இருந்த 4.5 மில்லிமீட்டர் ஜோடி முன்னால் வந்தது. தனியாக நின்ற 3.2 டயர் ஸ்டெப்னி ஆனது. பழைய ஸ்டெப்னியைக் கழித்துவிட்டேன். ஒரு நாளும் ஓடாதது, ஆனால் 2014இல் செய்தது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3221 என்றால் 2021ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்தே வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா என்றும் சிலர் கேட்டீர்கள். டயர் மட்டும் அடிபட்டால் சாதாரண முழுக் காப்பீட்டில் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால் பாதி விலை வரை. தனியாக டயர் பாதுகாப்பு என்று கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் அது வேறு. ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் சரிபாருங்கள். பழைய பழக்கம், நான் பார்த்தேன்.

என்னைக் கேட்ட நண்பரின் வண்டியை மறுநாளே அளந்தோம். அவருடைய ஜோடி டயர் 6.5 காட்டியது. ஒன்றே ஒன்று வாங்கினார். கடைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை.

அளக்கும் கருவி சட்டைப் பையில் அடங்கும், என் வீட்டில்தான் இருக்கிறது. மழை பிடிப்பதற்குள் ஒரு ஞாயிறு காலை பூங்கா வாசலில் நிற்கிறேன். வண்டியை எடுத்து வாருங்கள்.