ஒரு வாய் காபி குடுக்கலாமா? ஸ்பீச் தெரபி அசிஸ்டன்ட் வேலையைப் பத்தி

இன்னைக்கு ஸ்பீச் தெரபி அசிஸ்டன்ட் வேலையைப் பத்திப் பேசப் போறேன். கோட் எழுதுற உனக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேக்கலாம். என் சித்தி பொண்ணு மூணு வருஷமா இந்த வேலையில இருக்கா. கொங்குப் பக்கம் ஒரு தனியார் கிளினிக். போன தடவை ஊருக்குப் போனப்போ, மொட்டை மாடியில உக்காந்து அவ சொன்ன ஒரு சம்பவம்தான் இந்த எபிசோடுக்குக் காரணம். பேரும் ஊரும் வேண்டாம், மத்தபடி தாராளமா சொல்லுங்கண்ணான்னு சொல்லிட்டா.

அவங்க கிளினிக்குக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் வாரத்துல ரெண்டு நாள்தான் வருவார். மத்த நாள் இவ மட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கவாதம் வந்த பெரியவர் ஒருத்தரை வீல்சேர்ல கூட்டிட்டு வந்திருக்காங்க. பேச்சு குழறுது. மூக்கு வழியா டியூப் போட்டு அதுலதான் சாப்பாடு. மகன் கேட்டிருக்கார்: "டாக்டரம்மா, அப்பா காலையில இருந்து காபி காபின்னு கேக்கறாருங்க. ஒரு வாய் குடுக்கலாங்களா?"

"நான் டாக்டர் இல்லீங்கண்ணா"ன்னு இவ ஆரம்பிக்கிறதுக்குள்ள மேனேஜர் வந்துட்டார். ரெண்டு ஸ்பூன் ஊத்திப் பாரும்மா, இருமலைன்னா சரின்னு சொல்லி அனுப்பு, அவ்வளவுதானே?

இவ மாட்டேன்னுட்டா. தெரபிஸ்ட்டுக்கு போன் போட்டா. அவரும் வாய்ல எதுவும் குடுக்க வேண்டாம், வியாழக்கிழமை நான் வந்து பாக்கறேன்னுட்டார். குடும்பம் மனசு சரியில்லாமக் கிளம்பிப் போச்சு. அப்புறம் மேனேஜர் கேட்ட கேள்விதான் அவளை அன்னைக்கு ராத்திரி தூங்க விடல: "மூணு வருஷம் ஆச்சு, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

தெரிஞ்சதாலதான் மாட்டேன்னு சொன்னா. பக்கவாதம் வந்தவங்களுக்கு விழுங்குற தசைகள் நேரத்துக்கு வேலை செய்யாம போகலாம். அப்போ உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடும். நமக்குப் புரை ஏறினா இருமித் தள்ளிடறோம். அவங்கள்ல சிலருக்குத் தொண்டையில உணர்வே குறைஞ்சு போயிருக்கும், இருமலே வராது. தண்ணியோ காபியோ சத்தமில்லாம நுரையீரலுக்குப் போய், நிமோனியாவுல கொண்டு போய் விடலாம். அதனால "இருமலைன்னா சரி"ங்கிறது தப்பான டெஸ்ட். வெளிய இருந்து பாத்து சொல்ல முடியாத கேஸ்களை, விழுங்கறப்போ எக்ஸ்ரே வீடியோ எடுத்தோ, மூக்கு வழியா சின்ன கேமரா விட்டோ பாக்கறாங்க.

சரி, இந்த வேலைக்கு எப்படிப் போறாங்க? நம்ம நாட்டுல இதுக்கான படிப்பு டி.ஹெச்.எல்.எஸ். கேட்டல், மொழி, பேச்சு பத்தின ஒரு வருஷ டிப்ளமா. பிளஸ் டூ சயின்ஸ் குரூப் வேணும். மைசூருல இருக்கிற அய்ஷ், அதாவது அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம், இதை வேற ஊர் மையங்களோடயும் வீடியோ வகுப்பு மூலமா நடத்தியிருக்கு. தெரபிஸ்ட் ஆகணும்னா பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்கணும். இன்டர்ன்ஷிப்போட சேர்த்து நாலு வருஷம். கூகுள்ல தேடினா அமெரிக்கா பக்கங்கள்தான் முதல்ல வரும், அதை வெச்சுக் குழம்ப வேண்டாம். அங்க தெரபிஸ்ட் ஆகவே முதுகலை வேணும், அசிஸ்டன்ட்டுக்கு ஆஷாங்கிற அமைப்பு தனியா ஒரு சான்றிதழ் குடுக்குது. நம்ம ஊர்ல எல்லாமே ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் கையில. 1992-ல வந்த சட்டம் அது. கவுன்சில் பதிவேட்டுல பேர் இல்லாம மறுவாழ்வு நிபுணரா வேலை செஞ்சா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. 1,000 ரூபாய்ங்கறது அந்தக் காலத்து விலைவாசி, சிரிக்காதீங்க.

இப்போ வேலைக்குள்ள போவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

காக்காவைக் காட்டினா "தாத்தா"ன்னு சொல்ற குழந்தையை நீங்க பாத்திருப்பீங்க. வீட்டுல எல்லாரும் சிரிப்போம், தாத்தாவைத் தவிர. அங்க என்ன நடக்குதுன்னா, க சொல்ல நாக்கோட பின்பக்கம் மேல எழும்பணும். குழந்தை அதுக்குப் பதிலா நாக்கு நுனியைப் பல்லுல வெச்சு த-ன்னு முடிச்சிடுது. சின்ன வயசுல இது சகஜம், பெரும்பாலும் தானா சரியாகிடும். எந்தக் குழந்தைக்குத் தெரபி வேணும், காரணம் காது கேக்காததா வேற ஏதாவதா, எந்த ஒலியில ஆரம்பிக்கணும், இதையெல்லாம் முடிவு பண்றது தெரபிஸ்ட். அந்த முடிவை வாரம் முழுக்க நடத்திக் காட்டுறது அசிஸ்டன்ட். ஒரு பக்கம் காக்கா படம், இன்னொரு பக்கம் தாத்தா படம். குழந்தை எதைச் சொல்லுதோ அந்த அட்டையைத்தான் எடுத்துக் குடுப்பா. காக்கா வேணும்னு கேட்ட குழந்தை கைக்குத் தாத்தா வந்தா, அதுவே முழிக்கும். நாம சொன்னது அவங்களுக்கு வேற மாதிரி கேக்குதுன்னு அதுக்கே உறைக்கும்.

இது பாக்க விளையாட்டு. ஆனா இதுல இருக்கிற நிஜமான திறமை, என் தங்கச்சி சொல்றபடி, கையில இருக்கிற பென்சில்தான். 20 தடவை க வர்ற வார்த்தை சொல்ல வெச்சதுல 14 சரி. கேஸ் ஷீட்ல 70 சதவீதம்னு எழுதிட்டா முடிஞ்சதா? அந்த 14-ல தானா வந்தது 5, இவ சொல்லிக் காட்டின பிறகு வந்தது 6, தொண்டைகிட்ட விரல் வெச்சு இடத்தைக் காட்டின பிறகு வந்தது 3-ன்னு வெச்சுக்கோங்க. அப்படின்னா குழந்தைக்கு இன்னும் அந்த ஒலி சொந்தமாகல. வெறும் 70-ன்னு எழுதியிருந்தா, தெரபிஸ்ட் வியாழக்கிழமை வந்து அடுத்த படிக்குத் தூக்கிடுவார், குழந்தை தடுமாறும். லாக் சரியா எழுதாத சிஸ்டத்துல பக் தேடின ஆளுங்களுக்கு இந்த வலி புரியும். முதல் வருஷம் இவளும் தாராளமாத்தான் மார்க் போட்டாளாம். எதிர்ல அம்மா ஆசையா பாத்துட்டு இருக்கறப்போ தப்புன்னு எழுத மனசு வராதில்ல?

இன்னொரு தினசரி வேலை, காது மெஷின் போட்ட குழந்தைங்களோடது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே குழந்தை பேசிடும்னு நினைச்சா ஏமாந்து போவோம். கேக்குற சத்தத்துக்கு அர்த்தம் இருக்குன்னே அப்புறம்தான் அது கத்துக்கணும். ஒவ்வொரு செஷன் ஆரம்பத்துலயும் பேட்டரி பாக்கணும், அப்புறம் லிங் டெஸ்ட். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்னு ஆறு ஒலி. வாயை மறைச்சுக்கிட்டு சொல்லணும், இல்லைன்னா குழந்தை உதட்டைப் பாத்தே பதில் சொல்லிடும். தாழ்ந்த ஒலியில இருந்து உயர்ந்த ஒலி வரைக்கும் பேச்சுக்கு வேண்டியதை இந்த ஆறும் தொட்டுடும். நேத்து வரைக்கும் ஸ் கேட்ட குழந்தை இன்னைக்கு திரும்பலைன்னா மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கலாம், இல்ல காதுல. எது எப்படியோ, இன்னைக்கே ஆடியாலஜிஸ்ட்டுக்கு சொல்லணும். ரெண்டு நிமிஷ வேலைதான். செய்யாம விட்டா குழந்தை ஒரு வாரம் பாதிக் காதோட வகுப்புல உக்காந்திருக்கும்.

இப்போ வளர்ச்சி. இங்கதான் நான் கொஞ்சம் கறாரா பேசப் போறேன். எங்க ஃபீல்டுல டிகிரி இல்லாதவங்ககூட நல்லா கோட் எழுதினா சீனியர் ஆகிடலாம். இங்க அப்படிக் கிடையாது. பத்து வருஷம் அசிஸ்டன்ட்டா இருந்தாலும் அந்த அனுபவம் உங்களைத் தெரபிஸ்ட் ஆக்காது. பி.ஏ.எஸ்.எல்.பி. படிச்சே ஆகணும். அதுக்கு மேல பேச்சு-மொழியிலயோ ஆடியாலஜியிலயோ ரெண்டு வருஷ முதுகலை. தமிழ்நாட்டுல முட்டுக்காட்டுல இருக்கிற நிப்மெட், சென்னை ராமச்சந்திரா, வேலூர் சி.எம்.சி. எல்லாத்துலயும் பி.ஏ.எஸ்.எல்.பி. இருக்கு. குழந்தைங்களோட இருக்கறதுதான் பிடிச்சிருக்குன்னா செவித்திறன் குறைபாட்டுக்கான டி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன், ரெண்டு வருஷம், பள்ளிக்கூடம் பக்கம் போகலாம். கை வேலை வரும்னா காது மெஷின் ரிப்பேரும் இயர்மோல்டும் சொல்லித் தர்ற ஒரு வருஷ டிப்ளமா தனியா இருக்கு.

ஆனா நிறைய கிளினிக்ல நடக்கிறது வேற. அசிஸ்டன்ட்டை அசிஸ்டன்ட் சம்பளத்துக்கே வெச்சுக்கிட்டு, போர்டுல மட்டும் "தெரபிஸ்ட்"னு ஏத்தி விட்டுடறாங்க. பெத்தவங்க மேடம்னு கூப்பிடுவாங்க, டாக்டர்னுகூட கூப்பிடுவாங்க. 22 வயசுல அது இனிக்கும், எனக்குப் புரியுது. பிரச்சினைன்னு ஏதாவது வந்தா கேஸ் ஷீட்ல இருக்கிறது உங்க கையெழுத்து. அதனால இன்டர்வியூவுல சம்பளத்தை மட்டும் கேட்டுட்டு எழுந்து வந்துடாதீங்க. தெரபிஸ்ட் வாரத்துல எத்தனை நாள் நேர்ல இருப்பாங்க? புது கேஸை முதல்ல பாக்கறது யாரு? அவங்க இல்லாத நாள்ல சந்தேகம்னா யாருக்கு போன் பண்ணணும்? இதைக் கேட்டதும் முகம் மாறுச்சுன்னா, உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு.

இதைப் படிக்கலாமா வேண்டாமான்னு கேக்கறவங்களுக்கு: பி.ஏ.எஸ்.எல்.பி.-க்குப் பணமும் இடமும் அமைஞ்சா நேரா அதுக்கே போங்க. உடனே சம்பாதிக்க வேண்டிய வீட்டு நிலைமைன்னா டி.ஹெச்.எல்.எஸ். நல்ல வாசல்தான், எதுக்குள்ள போறோம்னு தெரிஞ்சு போங்க. என் தங்கச்சி இப்போ அந்த நாலு வருஷக் கணக்கைத்தான் போட்டுட்டு இருக்கா. வேலையை விட்டா வீட்டுக்கு வர்ற சம்பளம் நிக்கும். படிச்சு முடிக்கறப்போ வயசு 28-ஐ நெருங்கிடும். சித்தப்பா கல்யாணப் பேச்சை எடுக்கறார். அப்ளிகேஷன் கவர் அலமாரியில தயாரா இருக்கு.

அந்தப் பெரியவர் என்ன ஆனார்னு சொல்லலையே. வியாழக்கிழமை தெரபிஸ்ட் வந்து பாத்துட்டு, கேமரா டெஸ்டுக்கு அனுப்பினார். தண்ணி மாதிரி இருக்கிற எதுவும் உள்ள சரியா இறங்கலைன்னு ரிப்போர்ட் வந்துது. பல வாரப் பயிற்சிக்கு அப்புறம் ஒரு நாள், நிமிர்த்தி உக்கார வெச்சு, காபியைப் பவுடர் போட்டு கெட்டியாக்கி, தெரபிஸ்ட் ஸ்பூன் ஸ்பூனா குடுத்திருக்கார். பக்கத்துல நின்னு எத்தனை ஸ்பூன், எப்போ இருமினார்னு எழுதினது இவ. நாலாவது ஸ்பூன்ல பெரியவர் வாயை மூடிக்கிட்டு, இது காபியா களியான்னு திட்டினாராம். அந்தத் திட்டு அவ்வளவு தெளிவா வந்துச்சுன்னு அதையும் கேஸ் ஷீட்ல எழுதி வெச்சிருக்கா.