சுபாஷ் முகர்ஜிக்கு மறுக்கப்பட்ட சோதனை

குழந்தையின்மைச் சிகிச்சை மையங்களின் விளம்பரப் பலகைகளை நம் கொங்கு நகரங்களில் எங்கும் பார்க்கிறோம். கருவை உறையவைத்து, பிறகொரு மாதத்தில் கருப்பைக்குள் வைப்பது அங்கே இன்று அன்றாட வேலை. அந்த முறையில் ஒரு குழந்தை பிறந்துவிட்டது என்று 1978-லேயே கல்கத்தாவில் ஒருவர் சொன்னார். அவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. அவரைச் சந்தேகித்தது தவறே அல்ல. நிரூபிக்க விடாமல் தடுத்ததுதான் தவறு. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

1931-ல் ஹசாரிபாகில் பிறந்தவர் முகர்ஜி. கல்கத்தாவில் மருத்துவம் படித்து, அங்கே ஒரு முனைவர் பட்டமும், எடின்பரோவில் ஹார்மோன் ஆராய்ச்சியில் இன்னொரு முனைவர் பட்டமும் பெற்றவர். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25. சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் 'துர்கா' பிறந்தாள். வெள்ளைக்காரரைப் பார்த்துச் செய்தது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் வழியே வேறு. இங்கிலாந்தில், இயற்கையாக முதிர்ந்த ஒற்றைக் கருமுட்டையை வயிற்றில் துளையிட்டு எடுத்தார்கள். முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை முதிரவைத்தார். பிறப்புறுப்பின் வழியாக எடுத்தார். உருவான கருக்களை 53 நாள் உறைநிலையில் வைத்திருந்தார். ஏன் காத்திருந்தார்? பல முட்டைகளை முதிரவைக்கும் அதே ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைக் குழப்பிவிடுகிறது. கரு ஒட்டிக்கொள்ள அந்தச் சுவர் இடம்கொடுப்பது மாதத்தில் சில நாட்கள்தான். அந்த நாட்கள் தவறினால், நல்ல கருவும் நிற்காது. உடல் தன் இயல்புக்குத் திரும்பட்டும், பிறகு வைப்போம் என்பது அவர் கணக்கு. உறையவைத்த கருவால் உண்டான கர்ப்பத்தை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அறிவித்தது 1983-ல்தான்.

முகர்ஜி சொன்னது உண்மையா என்று பார்க்க மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் வானொலி இயற்பியல் அறிஞர்; மற்றவர்களும் இந்தத் துறையில் தேர்ந்தவர்கள் அல்லர். பொய் என்று தீர்ப்பாயிற்று. ஒரு லாட் துணியைத் தள்ளுவதென்றால்கூட, திருப்பூரில் துவைத்துச் சுருக்கம் பார்த்து, சாயம் நிற்கிறதா என்று பார்த்து, ஜிஎஸ்எம் நிறுத்துப் பார்த்துத்தானே தள்ளுகிறோம்? பின்னலைத் தெரிந்தவர்தானே பார்க்கிறார்? முகர்ஜியை மறுபடி செய்துகாட்டு என்று யாரும் கேட்கவில்லை. 1979-ல் ஜப்பானில் பேச அழைப்பு வந்தது. போக அனுமதி இல்லை. 1981-ல் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். கருவை ஆராய்ந்தவருக்குக் கண் மருத்துவமனையில் என்ன வேலை? அந்த ஆண்டு ஜூன் 19-ல், ஐம்பது வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

விரிவான கட்டுரை எழுதாமல் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் உறைகுளிரியல் இதழ் ஒன்றில் அவரும் சக ஆய்வாளர்களும் 1978-லேயே ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தார்கள். விரித்து எழுத அவருக்கு அவகாசமே தரப்படவில்லை. பெற்றோர் ஏன் முன்வந்து சாட்சி சொல்லவில்லை என்பது அடுத்த கேள்வி. சிகிச்சையில் பிறந்த பிள்ளை என்று மேடையேறிச் சொல்ல இன்றைக்குத் திருப்பூரில் எத்தனை தம்பதியர் துணிவார்கள்? 1978-ல் ஒரு குடும்பம் தன் பெண்குழந்தையை ஊர்வாயிலிருந்து காத்ததைக் குற்றமாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இன்னும் ஒன்று: ஒரு குழந்தை கண்ணாடித் தட்டில் கருவானதா, தாய் வயிற்றிலேயே கருவானதா என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆகவே, அவர் கையெழுத்துக் குறிப்புகளைத் துறை அறிந்தவர் படிப்பதும், அவரையே மறுபடி செய்யச் சொல்வதும்தான் வழி. இரண்டாவது வழி அவரோடு போய்விட்டது.

முதல் வழியில் போனவர் ஆய்வாளர் டி. சி. ஆனந்தகுமார். 1986 ஆகஸ்ட் 6-ல் பம்பாயில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தபோது, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்ற புகழ் மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவுக்கும் இவருக்கும் வந்தது. முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்த ஆனந்தகுமார், அந்தப் பெருமை முகர்ஜிக்கே உரியது என்று 1997-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். தமக்கு நட்டம் தரும் உண்மையை ஓர் ஆய்வாளர் தாமே எழுதினார் என்பதைவிட வலுவான சாட்சியம் இந்த வழக்கில் எனக்குத் தெரியவில்லை.

முகர்ஜிக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக்கூடாது. நம் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. பனியன் கம்பெனிகளில் நாள் முழுக்க நின்றும் தையல் மெஷினில் குனிந்தும் வேலை செய்யும் பெண்களின் கர்ப்பம் முதல் மூன்று மாதங்களில் எப்படி இருக்கிறது என்று அங்கே ஓர் இளம் மருத்துவர் நாளை ஆராயத் தொடங்கலாம். அவருக்கு ஓர் ஆய்வுக்கூடமும், ஐந்தாண்டு நிதியும், துறை அறிந்தவர்கள் மட்டுமே கொண்ட மதிப்பீட்டுக் குழுவும் வேண்டும். ஆய்வு முடியும்வரை பணியிட மாறுதல் கூடாது. இதை இந்த அவையின் தீர்மானமாக அரசுக்கு அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.