சீட்டில் இறங்கிய எண்



சார்காய்டோசிஸ் என்ற பெயர் உங்களில் பலருக்குப் புதிதாயிருக்கலாம். நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் சிறுசிறு அழற்சி முடிச்சுகள் தோன்றும் வியாதி இது. நம் நாட்டில் இதைக் காசநோய் என்றெண்ணி, மாதக்கணக்கில் அதற்கான மாத்திரைகளை விழுங்கியபின் வருகிறவர்களும் உண்டு.

அந்த முடிச்சுகளின் செல்கள் 'ஏ.சி.இ.' என்னும் நொதியைச் சுரக்கின்றன. இரத்தத்தில் அது கூடியிருப்பதை 1975-ல் ஜாக் லீபர்மேன் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஸ்டீராய்டு சிகிச்சை பலனளிக்கிறதா என்று பார்க்க இந்தப் பரிசோதனையும் உதவுகிறது.

படுக்கையருகே நாங்கள் காண்பது வேறு. சீட்டில் எண் இறங்கினால் முகம் மலர்கிறது. ஏறினால் அன்று சாப்பாடு இறங்குவதில்லை. "ஐயா, நல்லதுதானே?" என்று சீட்டை நீட்டுவார்கள். நாங்கள் என்ன சொல்ல? வியாதியுள்ள பலருக்கு அது ஏறுவதேயில்லை. தொழுநோயிலும் ஏறுவதுண்டு. இரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில் சாப்பிடுகிறவருக்கோ, வியாதி அப்படியே இருக்க எண் மட்டும் இறங்கிவிடும். அதை நம்பி ஸ்டீராய்டைக் குறைத்தால் நுரையீரல் தழும்பேறலாம், கண்ணும் கெடலாம். டாக்டர்கள் எக்ஸ்ரேயையும் மூச்சுப் பரிசோதனையையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

ஆகவே, "வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்கிறோம். போன வாரம் ஒரு தாயார் பைக்குள்ளிருந்து எனலாப்ரில் அட்டையைத் தயக்கத்தோடு எடுத்துக் காட்டினார்கள். அதுவரை யாரும் கேட்கவில்லையாம்.