உத்திரமேரூர்: ஏரியும் குடவோலையும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புதிய நிர்வாகிகளை இன்று மாலை நாம் தேர்ந்தெடுக்க இருக்கின்றோம். அதற்கு முன் ஓர் ஊரின் சரித்திரத்தைப் பற்றிச் சிறிது பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். இந்நாளுக்கு ஏற்ற ஊர் உத்திரமேரூரே எனக் கருதி அதனை எடுத்துக்கொண்டேன்.

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, வயல் சூழ்ந்த சமவெளியில் அமைந்த சிற்றூர் அது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையே அவ்வட்டாரத்தின் உயிர். பாலாறும் செய்யாறும் அருகில் இருப்பினும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். பெய்த நீரைத் தேக்கினாலன்றி அங்கு நெல் விளையாது. ஆதலின் பல்லவர் காலத்திலேயே வயிரமேக தடாகம் என்னும் பேரேரி அங்கு அமைந்தது.

ஏரியோ ஒருமுறை வெட்டியதும் விட்டுவிடக்கூடிய பொருள் அன்று. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும், மதகு பழுதாகும். அவற்றைக் கவனிப்பதற்கு ஆளும் பொருளும் வேண்டும். பொருள் புழங்கும் இடத்தில் கணக்கும் வேண்டும். இத்தேவையை அவ்வூரார் எங்ஙனம் நிறைவேற்றினர் என்பதை வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் காணலாம்.

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த இரு சாசனங்கள் அங்குள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வோலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் வேறோர் ஓலை மறைந்திராமைக்கு இவ்வேற்பாடு. இவ்வாறு சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமைந்தனர்.

தகுதிகளுள் ஒன்றை நாம் சிறப்பாக நினைத்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவர்தம் தந்தை, மகன், மாமனார், மருமகன், மைத்துனன் முதலிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் மீண்டும் வர இயலாது. 919-இல் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தினர் என்பதும் கருதத்தக்கது. குறை கண்டவிடத்துத் திருத்திக்கொள்ள அவர்கள் நாணவில்லை.

நிற்க. புகழ்ச்சியோடு முடித்துவிட்டால் உண்மையில் பாதியைச் சொன்னவனாவேன். அது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். அச்சபையும் அவர்கள் சபையே. தமக்குரிய மனையில் வீடும், இறை செலுத்தும் நிலமும், வேதப் பயிற்சியும், 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயதும் வேண்டும். பெண்டிர்க்கு அக்குடத்தில் ஓலை இல்லை. கூடையில் மண் சுமந்தோர்க்கும் சேற்றில் நின்று நாற்று நட்டோர்க்கும் இல்லை. ஏரியின் நீரில் யாவரும் வாழ்ந்தனர். ஏரியைப் பற்றிப் பேசும் உரிமை சிலர்க்கே இருந்தது.

இக்குறையைப் பிறர்மேல் சொல்லிவிட்டு நாம் மகிழ்ந்திருத்தல் தகாது. நம் சங்கமும் ஓர் ஏரி போன்றதே. பிள்ளைகளின் படிப்பு நிதிக்கு ஏழைக் குடும்பத்தார் கொடுக்கும் சிறு தொகையும் அதில் நீராகச் சேர்கின்றது. அந்நிதியின் வரவு செலவை அவர்கள் அறிகின்றனரா? தொலைவிலுள்ள கிராமத்து உறுப்பினர்க்கும், நம் தாய்மார்க்கும், கூலிவேலை செய்யும் நம்மவர்க்கும் நம் குடத்தில் ஓலை உண்டா?

ஆகவே இரண்டு வேண்டுகோள்களைச் சபைமுன் வைக்கின்றேன். கணக்கை ஒப்புவியாதவர் எத்துணை நெருங்கிய உறவினராயினும் அவரை மீண்டும் தெரிந்தெடுக்க வேண்டா. இதுகாறும் இடம் பெறாதோர்க்கு நிர்வாகத்தில் இடம் அளியுங்கள். இவ்விரண்டையும் செய்வோமாயின், உத்திரமேரூராரின் நன்மையைக் கைக்கொண்டு அவர்தம் குறையை நீக்கியவர் ஆவோம்.