தொப்பியும் குரலும்



பத்தாம் ஆண்டு விழாவில் கௌபாய் நடிகரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நான் பேச வந்தது குதிரையைப் பற்றியன்று. பாடுகிறவனின் பெயரும் குரலும் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி.

ஜீன் ஆட்ரி 1907-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் ஓக்லஹோமாவில் இரயில்வே தந்தியாளராக வேலை பார்த்தார். உடன் ஒரு கித்தார். அவர் பாட்டில் பெரிய சங்கதிகள் கிடையா. பக்கத்தில் அமர்ந்து பேசுகிறவரைப் போலப் பாடுவார். தந்தி அறையின் தனிமை கற்றுக்கொடுத்த எளிமை அது என்றே நான் எண்ணுகிறேன். 1931-இல், நரைத்த தந்தையை நினைந்து உருகும் பாடலொன்றை ஜிம்மி லாங்குடன் சேர்ந்து பதிவு செய்தார். இசைத்தட்டு அமோகமாக விற்றது. 1935-இல் ரிபப்ளிக் நிறுவனத்தின் 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' வெளிவந்தது. அவருடைய படங்கள் பெரும்பாலானவற்றில் கதாநாயகனின் பெயரும் ஜீன் ஆட்ரிதான். பாத்திரத்துக்குத் தம் பெயரையே கொடுத்துவிட்ட மனிதர்!

சிக்கலும் அங்கேதான் முளைத்தது. 1938-இல் ஊதியம் பற்றியும், தம் படங்களைக் காட்டி மற்றப் படங்களைத் திரையரங்குகளின் தலையில் கட்டும் வழக்கம் பற்றியும் முரண்பட்டு அவர் வெளியேறினார். நிறுவனம் கலங்கவில்லை. 'சன்ஸ் ஆப் தி பயனியர்ஸ்' பாடற்குழுவிலிருந்த லியோனார்ட் ஸ்லை என்ற இளைஞருக்கு ராய் ரோஜர்ஸ் என்று பெயர் சூட்டி, ஆட்ரிக்கென வைத்திருந்த 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' படத்தில் நடிக்க வைத்தது. மக்கள் அவரையும் கொண்டாடினர். (குரல்வளத்தில் ரோஜர்ஸே மேல் என்பது என் கட்சி.) அதே ஆண்டில் ஆட்ரி திரும்பி வந்தார், ஆனால் தொப்பி வேறொரு தலைக்கும் பொருந்தும் என்பது தெரிந்துபோயிற்று.

1942-இல் ஆட்ரி படையில் சேர்ந்து விமானியானார். இந்தியா, பர்மா, சீனா போர்முனையிலும் பறந்தார். அவர் இல்லாதபோது, 1943-இல், ரோஜர்ஸ் நடித்த படத்தின் தலைப்பே 'கௌபாய்களின் அரசன்'! போருக்குப் பின் ஆட்ரி ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்காடினார். 1947-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அதன்பின் தம் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே படமெடுத்தார். 1953-இல் திரைப்படங்களை நிறுத்திக்கொண்டு வணிகத்தில் இறங்கி, 1998-இல் மறையும்வரை தம் பெயருக்குத் தாமே உடைமையாளராக இருந்தார்.

மற்றவர்? லியோனார்ட் ஸ்லை 1942-இல் சட்டப்படியே தம் பெயரை ராய் ரோஜர்ஸ் என்று மாற்றிக்கொண்டார்.