கிராண்டில் யார் பெயர்?

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஓர் ஏக்கர் நிலம் வாங்கி, வீடு கட்டி, சொந்த மண்ணில் விளைந்ததைத் தின்று வாழ வழி சொல்லுங்கள் என்று கிளைச் செயலாளர் கேட்டுக் கொண்டார். சொல்லுகிறேன். அதற்கு முன், என் தகப்பனார் அந்த வழியில் நடந்து எங்கே விழுந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் இருந்தது பேராக்கில் ஒரு தோட்டம். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்லுவது இதைத்தான். வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. எங்கள் தோட்டத்தின் முறை 1967-இல் வந்தது.

அப்போது ஒருவர் வந்தார். நம்மவர்தான். "ஆறு ஏக்கர் ஒரே துண்டாக் கிடைக்குது. பன்னிரண்டு குடும்பம் சேர்ந்தா ஆளுக்கு அரை ஏக்கர்" என்றார். அப்பா 450 வெள்ளி கொடுத்தார். அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போன பணமும் அதில் உண்டு. பத்திரம் யார் பெயரில் என்று கேட்டபோது, "எல்லார் பேரையும் போட்டா செலவு அதிகம் அண்ணே. இப்போதைக்கு எம்பேர்ல இருக்கட்டும். நாம என்ன அந்நியமா?" என்றார். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு ரசீது. அவ்வளவுதான்.

அப்பா 14 தென்னை வைத்தார். கிணறு வெட்டினார். தகரக் கூரை போட்டார். தென்னை காய்க்கத் தொடங்கிய பிறகு, 1973-இல், முன்பின் அறியாத ஒருவர் காரில் வந்து இறங்கினார். நிலத்தை அவர் முறைப்படி வாங்கியிருந்தார். அவர்மேல் குற்றமில்லை. பன்னிரண்டு குடும்பமும் வெளியேறினோம். அம்மா முருங்கையில் ஒரு கிளையை வெட்டி எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்து லயத்துக்கு நடந்தார்.

தோழர்களே, இந்நாட்டு நிலச் சட்டத்தின் உயிர் பதிவேட்டில் இருக்கிறது. 1966 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தேசிய நிலச் சட்டத்தின்படி, பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். ரசீது கொடுத்தார், தலையில் அடித்துச் சத்தியம் செய்தார் என்பதெல்லாம் பிறகு நீதிமன்றத்தில் அழுவதற்குத்தான் உதவும்.

அந்த அரை ஏக்கர்க் கணக்கிலேயே ஒரு பொறி இருந்தது. விவசாய நிலத்தைப் பிரித்துத் தனித்தனிக் கிராண்ட் எடுப்பதானால், ஒரு துண்டு ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் விதி. ஆகவே அரை ஏக்கருக்குத் தனிக் கிராண்ட் என்று இன்று எவராவது ஆசை காட்டினால் எழுந்து போய்விடுங்கள். பலர் சேர்ந்து வாங்கலாம், தவறில்லை. பங்கைக் குறிப்பிட்டு அத்தனை பேர் பெயரையும் ஒரே கிராண்டில் பதியலாம். வீண் செலவென்று அப்பாவிடம் சொன்னது அந்தப் பதிவைத்தான்! பதிவு முடியத் தாமதமானால், வழக்கறிஞர் மூலம் கேவியட் போட்டு வையுங்கள். ஆறாண்டு காலம் அது நிற்கும். உங்களுக்குத் தெரியாமல் நிலம் கை மாறாது.

சேர்ந்து வாங்குவது நம்மவருக்குப் புதிதன்று. 1960-இல் அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்துக்கு வந்தது. துண்டாடலுக்கு நாம் கொடுத்த சரியான பதில் அது. ஆயினும் பங்குப் பத்திரம் வேறு, குடியிருக்கும் மண்ணுக்குக் கிராண்ட் வேறு. ஒன்று இருப்பதால் மற்றது இருப்பதாக எண்ணி ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

இனி, முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகம் போங்கள். கட்டணம் கட்டி அதிகாரபூர்வத் தேடல் கேட்டால் எல்லாம் ஒரு தாளில் வரும்: உரிமையாளர் யார், நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகையென்றால் எத்தனை ஆண்டு மீதி, அடமானம் உண்டா, மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் விற்கத் தடை உண்டா. மலாய் ஒதுக்கீட்டு நிலமானால் அதை நாம் வாங்க முடியாது. எவ்வளவு மலிவாக வந்தாலும் அது நமக்கு மலிவன்று. டி.ஓ.எல். நிலமென்பது தற்காலிக அனுமதி. அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் முடியும். பிறருக்கு மாற்ற முடியாது. உரியவர் இறந்தால் பிள்ளைக்கும் போகாது. அதை விற்பவர் தம்மிடம் இல்லாததை விற்கிறார்.

நிலவரி பாக்கி உண்டா என்றும் பாருங்கள். வாங்கிய பின் நீங்களும் கட்டத் தவறாதீர்கள். பாக்கி கேட்டு 6ஏ நோட்டீசு வந்தால் மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். இல்லையேல் நிலம் அரசுக்குப் போய்விடும். நிலத்துக்குப் பாதை உண்டா என்பதை வரைபடத்தில் பாருங்கள். அடுத்தவர் தோட்டத்து ஒற்றையடிப் பாதை பாதையாகாது. அவருடைய மகன் நாளை வேலி போடுவான்.

நிலம் கைக்கு வந்ததும் வீடு கட்ட ஓடாதீர்கள். நம்மவர் செய்யும் பெரிய பிழை இது. சேமநிதிப் பணத்தையெல்லாம் கல்லிலும் சிமெண்டிலும் போட்டுவிட்டு, சுற்றிலும் லாலாங் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மழையற்ற மாதத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று பார்த்து முதலில் கிணறு வெட்டுங்கள். கக்கூசு அதற்குப் பள்ளமான பக்கத்தில், தூரத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு மாவட்ட மன்ற அனுமதி வாங்கிக்கொண்டு பிறகு கட்டலாம்.

பழைய பால்மரக் காடானால் கட்டைகளை வேரோடு எடுத்துவிடுங்கள். வெள்ளை வேர் நோய் அந்தக் கட்டைகளில் கிடந்து புதுக் கன்றுக்கு ஏறும், மரவள்ளியையும் விடாது. உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்தில் மேற்பார்வைக்குப் பயந்து செய்வதைச் சொந்த நிலத்தில் சோம்பலால் விட்டுவிடுகிறோம்.

வாழை ஓராண்டுக்குள் குலை தள்ளும். மரவள்ளியும் ஓராண்டுக்குள் கிழங்கு தரும். முருங்கைக்குக் கிளையை நட்டால் போதும். குட்டைத் தென்னை மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும். ஒரு குடும்பத்துக்குப் பத்து மரம் தாராளம். பால்மரம் சீவ ஏறக்குறைய ஆறு ஆண்டு ஆகும். 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோ பச்சைப்புல் வேண்டும். புல்லுக்கு நிலம் ஒதுக்காமல் மாடு வாங்கினால், அந்தி நேரத்தில் பிள்ளைகள் அரிவாளோடு ரோட்டோரம் அலைவார்கள். கோழியில் தொடங்குங்கள்.

ஓர் ஏக்கர் உங்களுக்கு அரிசி தராது. பள்ளிக் கட்டணம் தராது. காய்கறி, முட்டை, தேங்காய், பழம், கொஞ்சம் பால், எவரும் வெளியேற்ற முடியாத ஒரு கூரை, இவற்றைத் தரும். ஆகவே இன்றே வேலையை விடாதீர்கள். 55 வயதில் சேமநிதி வரும் என்று அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். 49-இல் கன்று நட்டவருக்கு 55-இல் மரம் தயாராக இருக்கும். 55-இல் நடுபவர் 61 வரை காத்திருக்க வேண்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். என் தகப்பனாருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அந்தத் தோட்டத்து ஆபீசில் மலாயும் ஆங்கிலமும் படித்த கிராணிமார் இருந்தார்கள். அவர்களிடம் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். வலியப் போய்ச் சொல்ல அவர்களுக்கும் தோன்றவில்லை. இந்தத் தோட்டத்தில் அப்படி இருக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் நம் பெரிய கிராணி அதோ அந்த மேசையில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். கிராண்ட் வைத்திருப்பவர்கள், ரசீது மட்டும் வைத்திருப்பவர்கள், எதுவும் இல்லாமல் யாரிடமாவது பணம் கொடுத்திருப்பவர்கள், எல்லாரும் வாருங்கள். நிலவரிச் சீட்டு வீட்டிலிருந்தால் பிள்ளையை அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். இரவு பத்து மணி வரை இருப்போம்.